வெள்ளிக் காசில் இரண்டு பிள்ளைகள்

கறுத்துப்போன வெள்ளியைத் திருநீறு தொட்டுப் பெருவிரலால் தேய்த்தால் முதலில் விரலில் சூடு ஏறும், பிறகு ஒரு வழுக்கல் வரும், அதன் பிறகுதான் வெண்மை தெரியும். சரவணை என்ற தீவுக் கிராமத்தில் எங்கள் குசினி வாசலில் இருந்து அம்மா அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோது கருமைக்குள்ளிருந்து முதலில் ஒரு மூக்கு வெளியே வந்தது. அதன் பின் நாடி, துருத்திய காது, தலையைச் சுற்றிக் கட்டிய இலைமாலை, பிடரியில் தொங்கிய அதன் முடிச்சு. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா கையைத் துடைக்கத் திரும்பிய நேரம் பார்த்து அதை எடுத்து நாக்கில் வைத்தேன்; திருநீற்றின் சாம்பல் ருசியும் அதற்கு அடியில் எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரின் உவர்ப்பும் இருந்தன. அம்மா பிடரியில் ஒன்று போட்டார். "துப்படி மூதேவி! ஆரின்ரை வாய்க்குள்ளை இருந்ததோ!"

அந்தக் காசு எங்கள் பனங்கிழங்குப் பாத்தியிலிருந்து வந்தது. எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பின் வந்த தை மாதத்தில் ஐயா கிழங்கு கிண்டிக்கொண்டிருந்தபோது, ஒரு கிழங்கின் வேரோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. ஐயா அதை யாரோ தொலைத்த சட்டைப் பொத்தான் என்று நினைத்து வரம்பில் எறிந்துவிட்டார். எடுத்து வந்தவர் சின்னண்ணை. வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள். பெரியண்ணை பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, மேலே படிக்க இடம் கிடைக்காமல் ஐயாவோடு தோட்டத்தில் நின்றார். சின்னண்ணை அப்போதுதான் மீசை அரும்பியவர், வாய் ஓயாதவர். நான் கடைசி. எங்களுக்குள் அந்தக் காசுக்காக ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. அம்மா அதைத் தேய்த்து முடித்தபோதே அது அம்மாவுடையதாகிவிட்டது.

முகம் இருந்த பக்கத்தை அம்மா அதிகம் பார்க்கவில்லை. மறுபக்கத்தைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். அதில் இரண்டு பெடியன்கள் அருகருகே நின்றார்கள். உடம்பைச் சுற்றித் துணி போர்த்தியிருந்தார்கள். ஒவ்வொருவனுக்கும் முன்னால் வட்டமாக ஒன்று நிலத்தில் ஊன்றியிருந்தது, அதன்மேல் கை வைத்திருந்தார்கள். பின்னால் நீட்டுத் தடிகள். தலைகளுக்கு நடுவே, வானத்தில் தொங்குவதுபோல, ஒரு சின்ன அகப்பையும் நுனி வளைந்த ஒரு கம்பும்.

"ரண்டு பெடியள். சுளகு வைச்சிருக்கினம், பாரன். பின்னாலை உலக்கை. மேலை அகப்பையும் கொக்கைத்தடியும்," என்றார் அம்மா. ஒரு வீட்டுக்குத் தேவையான சாமான் எல்லாம் அந்தக் காசில் இருந்தது அவருக்கு.

சின்னண்ணை சிரித்தார். "சுளகோ! அம்மா, உது பரிசையெணை. பின்னாலை கிடக்கிறது வேல். சண்டைக்கு நிக்கிறாங்கள்."

"போடா. உனக்கு எதைக் கண்டாலும் சண்டைதான்."

பெரியண்ணை காசை வாங்கி, அந்த இரண்டு பெடியன்களையும் நெடுநேரம் பார்த்துவிட்டு அம்மாவின் உள்ளங்கையில் திருப்பி வைத்தார்.

எங்கள் தீவுகளில் வெள்ளியில் ஒரு உருவம் இருந்தால் அது என்னவென்று யாரும் யோசிப்பதில்லை. கண் நோய் தீர்ந்தால் வெள்ளியில் கண், கால் சுகப்பட்டால் கால், பிள்ளை பிறந்தால் பிள்ளை என்று தட்டாரிடம் "உரு" அடித்து, நயினாதீவு அம்மனுக்குக் கொண்டுபோய்ச் செலுத்துவது வழக்கம். அதில் எங்கள் பக்கத்தில் ஒரு கண்டிப்பு இருந்தது: யாருக்காக உரு அடித்ததோ அவர் கையாலேயே அது போய்ச் சேர வேண்டும். கால் சுகப்பட்டவன் தன் காலால் நடந்துபோய் வைக்க வேண்டும். கைக்குழந்தை என்றால் அதன் விரலைப் பிடித்துத் தொட வைப்பார்கள். ஆகவே அம்மாவுக்கு அந்த வெள்ளித் துண்டு என்னவென்பதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு தாய் தன் இரண்டு ஆண்பிள்ளைகளுக்காக நேர்ந்து அடித்த உரு, செலுத்தப்படாமல் மண்ணுக்குள் போயிருக்கிறது. அது இப்போது இரண்டு ஆண்பிள்ளைகள் உள்ள வேறொரு தாயின் கைக்கு வந்திருக்கிறது.

பதுளை மாமா வந்தபோது அம்மா அதைக் காட்டினார். மாமா அம்மாவின் தம்பி. பதுளையில் கடை வைத்திருந்தவர், அந்த ஆடியில் கடை எரிந்து, கட்டிய சாரத்தோடு அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர். கடையைப்பற்றி அவர் பேசுவதில்லை. ஒரு பிஸ்கட் பேணி நிறையப் பழங்காசு சேர்த்து வைத்திருந்ததாகவும், அதுவும் எரிந்துபோனதாகவும் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். வந்த நாளிலிருந்து யாரோடும் அதிகம் கதைக்காமல் கதிரையில் குனிந்தபடி இருந்த மனிதர், அம்மா நீட்டிய காசைக் கண்டதும் எழும்பி வெளிச்சத்துக்குப் போனார். பழைய மாமாவை அன்றுதான் திரும்பப் பார்த்தோம்.

"அத்தான், நீர் கிழங்குப் பாத்தி கிண்டினீரோ, றோமாபுரியைக் கிண்டினீரோ?"

ஐயா சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே, "எதைக் கிண்டினாலும் நாரிதான் நோகுது," என்று இடுப்பைத் தடவினார்.

மாமா எங்களைச் சுற்றி இருத்தி விளக்கினார். இரண்டாயிரம் வருசத்துக்கு முந்திய றோமாபுரி வெள்ளிக் காசு; முத்துக்கும் மிளகுக்கும் வந்த கப்பல்காரர் கொண்டு வந்தது; தலை அந்நாட்டுச் சக்கரவர்த்தியின் தலை; மறுபக்கத்தில் நிற்பவர்கள் அவருடைய மகளின் பிள்ளைகள், ஆண்வாரிசு இல்லாததால் பேரப்பிள்ளைகள் இருவரையும் தன் மக்களாக எடுத்து வளர்த்தார்; அவர்களுக்கு இளவரசுப் பட்டம் கட்டியதைச் சொல்லத்தான் இந்தக் காசை அடித்தார். கையில் இருப்பது கேடயம், பின்னால் ஈட்டி. அகப்பையும் வளைந்த கம்பும் அவர்களுடைய கோயில் சாமான்.

"அப்ப கோயில் சாமான்தானே!" என்று அம்மா பிடித்துக்கொண்டார். "கப்பலிலை வந்தவன் கடலுக்குப் பயந்து அம்மாளுக்கு நேர்ந்திருப்பான்."

"அக்கா, அவனுக்கு நயினாதீவு எங்கை இருக்கெண்டு தெரியுமே?"

"கடலிலை போறவனுக்கு அவளைத் தெரியாமல் இருக்குமே?" என்று அம்மா திருப்பிக் கேட்டார். பிறகு, சுளகு கேடயமானது மனத்தில் உறுத்தியதோ என்னவோ, மெதுவாக இன்னொன்று கேட்டார். "தம்பி, உந்தப் பெடியளுக்குப் பிறகு என்ன நடந்தது?"

மாமா காசைத் திருப்பிப் பார்த்தார். பெரியண்ணையும் சின்னண்ணையும் வாசற்படியில் தோளோடு தோள் முட்ட இருந்தார்கள். மாமா அவர்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன நடக்கிறது? வளந்து, ராசாவாகி, நல்லா இருந்தவை."

அந்தப் பதில் அம்மாவைச் சந்தோசப்படுத்தும் என்றுதான் அவர் நினைத்திருப்பார். அம்மாவின் முகம் இருண்டுவிட்டது. நேர்த்தி பலிக்கவில்லை என்றால் கடன் இல்லை. பலித்த பிறகு செலுத்தாமல் விட்டதென்றால், அம்மாள் கேட்டதைக் கொடுத்திருக்கிறாள், மனிசர் ஏமாற்றிவிட்டார்கள். அந்தக் குறை இனிக் காசு இருக்கிற வீட்டின் தலையில்தான் விழும். "இது எங்கடை கைக்குச் சும்மா வரேல்லை," என்றார் அம்மா. "ரண்டு பேருக்கு அடிச்ச உரு. ரண்டு பேராய்ப் போய்த்தான் குடுக்க வேணும். என்ரை ரண்டும் கொண்டுபோய் வைக்கட்டும்." மாமா காசை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தன் கதிரைக்குத் திரும்பிப் போனார்.

ஆனி மாதத் திருவிழாவுக்குப் போவதென்று தீர்மானமாயிற்று. காசு ஒரு மஞ்சள் துணியில் முடியப்பட்டு அலுமாரிக்குள் சாமிப்படத்தின் பின்னால் போனது. ஆனி வருவதற்கு முன்னரே பெரியண்ணை போய்விட்டார். அந்த நாட்களில் போவது என்றால் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஊருக்கு ஊர் பெடியன்கள் இயக்கங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவருடைய சைக்கிளைப் புளியங்கூடலில் ஒரு சிநேகிதன் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தார். ஐயா நடந்துபோய் அதை உருட்டிக்கொண்டு வந்து சுவரில் சாத்திவிட்டு, அன்று முழுவதும் தோட்டத்தில் நின்றார்.

சின்னண்ணையை மட்டும் கூட்டிக்கொண்டு போய்ச் செலுத்திவிடலாம் என்று அயலிலுள்ளவர்கள் சொன்னார்கள். இல்லாவிட்டால் கோயிலுக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடு என்றார்கள். அம்மா அசையவில்லை. "ஒருத்தன் போய் நிண்டால், மற்றவன் எங்கை எண்டு அவள் கேக்கமாட்டாளே?" என்றார். உண்மையில் அம்மா பயந்தது அந்தக் கேள்விக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து போய் நின்றால் இரண்டு பேரும் தப்புவார்கள். தனித்துப் போனால், போகாதவன் கணக்கில் இல்லாமல் போய்விடுவான்.

அடுத்த வருசம் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த நாட்களில் அம்மா சின்னண்ணையை அனுப்பினார். பனம்பழத்தில் செய்த பனாட்டும் பொரிவிளாங்காய் உருண்டையும் ஒரு பையில் கட்டிக் கொடுத்து, "கொண்ணனைக் கூட்டிக்கொண்டு வா. ஒரு நாளைக்கு. அம்மாளட்டைப் போயிட்டுத் திரும்பிப் போகட்டும் எண்டு சொல்லு," என்றார். சின்னண்ணை எப்படித் தேடிப் பிடித்தாரோ தெரியாது, கூட்டிக்கொண்டுதான் வந்தார். பெரியண்ணை மெலிந்து கறுத்திருந்தார். மறுநாள் காலை நாங்கள் எல்லோரும் வஸ் ஏறிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனோம். அம்மா கைத்தறிச் சேலை கட்டியிருந்தார். மஞ்சள் முடிச்சு அவருடைய கைக்குள் இருந்தது.

அன்றைக்குக் கடலில் இறங்கக் கடற்படையின் அனுமதி இல்லை என்று வள்ளக்காரர்கள் சொன்னார்கள். எதிரே நயினாதீவு தெரிந்தது. கோபுரத்தைக்கூடப் பார்க்கலாம். அம்மா இறங்குதுறையின் நுனிக்குப் போய் நின்றுகொண்டு ஒவ்வொரு வள்ளக்காரராகக் கேட்டார்.

"எணை, விட்டால் சுடுவாங்களெணை. என்ரை பிள்ளைகளும் சின்னனுகள்," என்றார் ஒருவர்.

பெரியண்ணை அம்மாவின் பக்கத்தில் வந்து, "அம்மா, இதிலை கடலுக்கை போட்டாலும் அவளட்டைத்தான் போகும். தாணை, நாங்கள் ரண்டு பேரும் பிடிச்சுக்கொண்டு போடுறம்," என்றார். இளகிய குரலில்தான் சொன்னார்.

"படியிலை வைக்காமல் வாசலிலை எறிஞ்சிட்டுப் போறதோ?" என்றார் அம்மா.

பிற்பகல்வரை காத்திருந்தோம். அந்த நேரம் முழுவதும் அண்ணன்மார் இருவரும் துறைக்கு அப்பால் ஒரு கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் நிழலில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியண்ணை கையால் மணலில் ஏதோ கீறிக் காட்டினார். சின்னண்ணை, வாழ்நாளில் முதல் தடவையாக, குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் இரண்டு பக்கமும் பார்த்தேன்.

திரும்பி வந்தபின் பெரியண்ணை போய்விட்டார். கடல் திறந்தது என்று கேள்விப்பட்டதும் அம்மா மறுபடியும் சின்னண்ணையிடம் பையைக் கட்டிக் கொடுத்தார். ஐயா மட்டும், "உவனை அனுப்பாதை," என்றார். ஐயா ஒரு காரியத்தை வேண்டாம் என்று சொன்னது எனக்கு அந்த ஒரு தடவைதான் ஞாபகம். "இவன் போகாமல் அவனை ஆர் கூட்டியாறது?" என்று அம்மா கேட்டார். சின்னண்ணை சைக்கிளில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு யாழ்ப்பாணம் போகிற பாலத்தின் பக்கம் போனார்.

சில நாட்கள் கழித்து, முன்பின் தெரியாத ஒரு பெடியன் அந்தச் சைக்கிளில் வந்தான். படலைக்கு வெளியிலேயே நின்றான். "அம்மா, அவர் அண்ணையோடை நிக்கிறாராம். யோசிக்க வேண்டாமாம். பனாட்டு நல்லா இருந்ததாம்." சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு அவன் நடந்து போனான். அம்மா அவனுக்குத் தேத்தண்ணி கொடுக்கக் கூப்பிடவும் மறந்துபோனார். இரண்டு பேரும் இப்போது சேர்ந்து இருந்தார்கள். சேர்த்து வைத்தது அம்மாதான். இதை எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

பெரியண்ணை இந்திய இராணுவம் நின்ற காலத்தில் செத்துப்போனார். உடல் வந்தது, பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். அதற்குப் பிறகும் அம்மா காசை அவிழ்க்கவில்லை. இன்னும் ஒருவன் இருந்தான். பிறகு தீவுகளுக்குள் அரசாங்க இராணுவம் வந்து இறங்கியபோது எல்லோரும் ஓடினோம். ஐயா வரமாட்டேன் என்று மாடுகளோடு நின்றுவிட்டார், அவரைப் பிறகு காணவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது. கோண்டாவிலில் யாரோ வெளிநாடு போனவர்களின் வீட்டில் ஒரு அறை கிடைத்தது. அம்மா, நான், பதுளை மாமா மூன்று பேரும் அங்கே இருந்தோம். நான் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனேன். அங்கே இருக்கும்போதுதான் சின்னண்ணையின் செய்தி வந்தது. அவருக்குப் பெட்டியும் இல்லை. ஒரு படம் மட்டும் கொண்டு வந்து தந்தார்கள். அந்தப் படத்தில் இருந்தவர் எனக்குத் தெரிந்த ஆள்போல இல்லை, வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அம்மா அழவில்லை. வந்தவர்கள் எல்லோரும் போனபிறகு, மஞ்சள் முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்து மாமாவின் முன்னால் வைத்தார்.

"தம்பி, உந்தப் பெடியள் ராசாவானவை எண்டு சொன்னனீ எல்லோ?"

மாமா காசை அம்மா பக்கம் தள்ளி வைத்தார்.

"சொல்லு. ராசாவானவையே?"

"இல்லை அக்கா." என்றார் மாமா. "ரண்டும் இளவயதிலை செத்துப்போச்சுதுகள். சக்கரவர்த்திக் கிழவன்தான் மிஞ்சி இருந்தவன். உன்ரை ரண்டு பெடியளும் படியிலை இருக்கேக்கை, நான் என்னெண்டு சொல்லுவன்?"

அம்மா அவரைத் திட்டவில்லை. "அப்ப உது பலியாத நேர்த்தி," என்றார். "செலுத்தத் தேவையில்லை. நான் சும்மா அலைஞ்சிருக்கிறன்." காசை விரலால் திருப்பி, கிழவனின் முகத்தைப் பார்த்தார். "இதிலை வளத்த தேப்பன்ரை முகம் இருக்கு. பிள்ளையள் இருக்கினம். பெத்தவள் எங்கை? அவளின்ரை முகத்தை ஒரு காசிலையும் அடிக்கேல்லையோ?"

"எனக்குத் தெரியாதக்கா," என்றார் மாமா. அது பொய் இல்லை என்று எனக்குப் பட்டது.

அம்மா காசை யன்னல் கட்டின்மேல் வைத்துவிட்டு எழும்பிப் போனார். அது அங்கேயே கிடந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. கூட்டும்போது நான் அதைத் தூக்கித் தூசு துடைத்து அதே இடத்தில் வைப்பேன். அது மறுபடியும் மெல்லக் கறுத்தது. தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே மழையில் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது, அரிசியும் ஒரு பாயும் சின்னண்ணையின் படமும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினோம். யன்னல் கட்டின்மேல் அது இருந்ததைக் கண்டேன். அம்மாவும் கண்டார். வழியில் அந்தப் படம் நனைந்து மை கரைந்து போயிற்று.

அதன் பிறகு என் வாழ்க்கை ஒரு இடத்தில் நிற்கவில்லை. வன்னி, மன்னார், வள்ளத்தில் இராமேஸ்வரம், அகதி முகாம், சென்னையில் தையல் கம்பனி, பிறகு அரபு நாட்டில் வீட்டு வேலை, கடைசியில் இத்தாலி. இடையில் வவுனியாவில் அம்மா செத்தார். செய்தி எனக்குக் கிடைத்தபோது எட்டாம் நாள் சடங்கும் செய்து முடித்திருந்தார்கள். மாமா அவருக்கு முந்திப் போய்விட்டார்.

இத்தாலியின் தென்முனையில் ஒரு கிழவியைப் பராமரிக்கும் வேலை. அவருடைய செத்துப்போன கணவர் பழங்காசுப் பைத்தியமாம்; அலுமாரி நிறையப் புத்தகங்கள். தூசு தட்டும்போது ஒன்றைத் திறந்தேன், இரண்டு பெடியன்களும் நின்றார்கள். புத்தகத்தோடு தரையில் இருந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறைப் பாஷையில் கிழவியிடம் கேட்டேன். மூத்தவன் சண்டையில் பட்ட காயத்தாலும் இளையவன் தூரப் பயணத்தில் நோயாலும் செத்தார்கள் என்றார். தாயைப்பற்றிக் கேட்டேன். அவளை அவளுடைய தகப்பனே, அந்தக் காசில் இருக்கிற சக்கரவர்த்தியே, குற்றம் சொல்லி ஒரு சின்னத் தீவுக்கு நாடு கடத்தினாராம். இளையவன் செத்தபோது அவள் அந்தத் தீவில்தான் இருந்தாளாம். ஊருக்குத் திரும்ப விடவேயில்லை.

பிறகு கிழவி புத்தகத்தின் முன்பக்கங்களைப் புரட்டி வேறொரு படத்தைக் காட்டினார். அது மிகவும் அரிதான காசாம். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்த காலத்தில் அடித்தது. நடுவில் ஒரு பெண்ணின் தலை, கொண்டை போட்டது. இரு பக்கமும் இரண்டு சின்னத் தலைகள். மூன்றும் சேர்ந்து ஒரு நகத்தின் அளவு. அது தாயும் பிள்ளைகளும்தான் என்று படித்தவர்கள் சொல்கிறார்களாம். அம்மா கேட்டதற்குப் பதில் இருந்திருக்கிறது, அடித்திருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்தபின் ஒரு முறை சரவணைக்குப் போனேன். வீடு இருந்த இடத்தில் நாயுண்ணிப் பற்றை. கிணறு தூர்ந்திருந்தது. பெரியண்ணையைப் புதைத்த இடத்தையும் இப்போது கண்டுபிடிக்க முடியாது. சொந்தக்காரர் வீடுகளிலும் வெளிநாட்டில் இருப்பவர்களிடமும் விசாரித்தேன். கலியாண வீட்டுப் படம், பள்ளிக்கூடப் படம், பின்வரிசையில் பாதித் தலை தெரிகிற படம் என்றாலும் போதும் என்று எல்லோரையும் கேட்டேன். அம்மா நடுவில் நிற்க, இரண்டு பக்கமும் அண்ணன்மார் நிற்கிற ஒரு படம் ஒருவரிடமும் இல்லை.